செங்கல் படித்த பிள்ளைகள்

ஆவடியை அடுத்துள்ளது முத்தாபுதுப்பேட்டை. விமானப் படையினரின் நிலையம் ஒன்று அவ்விடத்தில் உள்ளமையால், அதன் தெருக்களில் தமிழோடு இந்தியும் பஞ்சாபியும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். சுற்றிலும் ஏரிகள். ஏரிகளை அடுத்து, வயல்களாய் இருந்து மனைகளாய் மாறிய நிலங்கள். திருவள்ளூர்ப் பக்கமாக இன்னும் சில கல் தொலைவு சென்றால் செங்கற்சூளைகளின் புகை தென்படும். பணியினின்றும் ஓய்வு பெற்ற பின்னர் நான் வந்து தங்கிய ஊர் இது.

நான் பழைய முறையில் தமிழ் பயின்றவன். ஆசிரியர் பாடம் சொல்ல, அதனை வழிமொழிந்து மனத்தில் இருத்தி, பின்னர் அவர் வாயினின்றே உரை கேட்டு வளர்ந்தவன். 35 ஆண்டுகள் இலக்கணமும் செய்யுளும் கற்பித்தேன். வரலாறு எனக்கு அயல்வீடு போன்றது. வேலிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்த்ததுண்டு. உட்சென்று அமர்ந்து பேசியதில்லை.

2022 ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஒரு நாள், அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை என் இல்லத்திற்கு வந்தார். சமூக அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை மகப்பேற்று விடுப்பில் சென்றிருப்பதாகவும், அவர் திரும்பும் வரையில் ஆறாம் வகுப்பிற்கு நான் வந்து வரலாறு சொல்லித் தரவேண்டும் என்றும் கேட்டார். “அம்மா, நான் தமிழ்ப் புலவன். வரலாறு என் துறை அன்றே!” என்றேன். அவர் சற்றும் தயங்காமல், “பழங்காலத்தைப் பற்றிச் சொல்ல எங்களுள் உங்களைவிடப் பழையவர் யார் இருக்கிறார், ஐயா?” என்றார். இதற்கு என்ன மறுமொழி கூறுவது? மறுநாளே சென்றேன்.

ஆறாம் வகுப்பில் சிந்துவெளி நாகரிகம் ஒரு பாடம். பிள்ளைகள் அதனை வாய்பாடுபோல் ஒப்பித்தனர். “எகிப்து, நைல் நதி, மெசபடோமியா, யூப்ரடீசு, டைகிரிசு, சிந்துவெளி, சிந்து நதி” என்று ஒருவன் தொடங்க, மற்றவர் பின்பாட்டுப் பாடினர். நான்கு ஆறுகளும் அவர்கள் நாவில் தங்குதடையின்றி ஓடின. ஆனால் ஆற்றங்கரையில் ஒருவரையும் காணோம். வீடு கட்டினவர் யார், கிணறு தோண்டினவர் யார், அடுப்பு மூட்டினவர் யார் என்னும் நினைவே அவர்களுக்கு எழவில்லை.

மூன்றாம் நாள், முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இவையெல்லாம் நடந்தன என்று சொல்கிறார்களே, யார் போய்ப் பார்த்தார்கள்?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அப்பாடத்தில் நுழைவதற்கு வாயில் ஒன்றுண்டு எனின், அஃது அந்த வினாவே என்று எனக்குத் தோன்றியது.

நம் முன்னோர் அளவை என்று ஒன்று வகுத்துள்ளனர். ஒரு பொருளை உண்மை என்று துணிவதற்குரிய வழிகள் அவை. கண்ணாரக் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டுக் கொள்வது உரை. மணிமேகலையில், பல சமயக் கணக்கரும் தத்தம் அளவைகளை எடுத்துரைக்கும் காதை ஒன்று உண்டு. அதனை நான் பல ஆண்டுகள் செய்யுளாகக் கற்பித்தவன். இப்போது அந்த மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். “தம்பி, தொலைவில் புகை தெரிகிறது. தீயை நீ காணவில்லை. ஆயினும் அங்கே தீ உண்டு என்கிறாய். எப்படி?” என்றேன். “புகை இருக்கிறதே, ஐயா!” என்றான். “அவ்வளவுதான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் எரிந்த தீயை எவரும் போய்ப் பார்க்கவில்லை, புகையைப் பார்த்தார்கள். அந்தப் புகை எது என்பதே இனி நமக்குப் பாடம்” என்றேன்.

அப்பொழுது பள்ளியின் மதிற்சுவரைப் பழுது பார்த்துக் கொண்டிருந்தனர். கொத்தனாரிடம் கேட்டுச் செங்கல் ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன். அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் இத்தகைய கற்களால் கட்டப்பட்டன. அந்நகரங்கள் சீருடன் விளங்கிய காலம் கி.மு. 2600 முதல் 1900 வரை என்பர். அங்குள்ள செங்கற்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கணக்கு உண்டு. கனம் ஒரு பங்கு எனின், அகலம் இரு பங்கு, நீளம் நான்கு பங்கு. வீட்டுச் சுவருக்கு 7, 14, 28 சென்டிமீட்டர் அளவுள்ள கல். பெரிய மதிலுக்கு 10, 20, 40 சென்டிமீட்டர் அளவுள்ள கல். அளவு மாறினும் கணக்கு மாறவில்லை. ஒன்றுக்கொன்று பல நூறு கல் தொலைவில் இருந்த ஊர்களிலும் இக்கணக்கே காணப்படுகிறது.

“ஏன் இந்தக் கணக்கு? மூன்று பங்கு நீளம் வைத்தால் என்ன?” என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மையில் நானும் விடையைப் புத்தகத்தில் படித்து வைத்திருந்தேனே அன்றி, கையால் அறிந்தவன் அல்லேன்.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். அதுவரையில் அவள் குரலை நான் கேட்டதில்லை. “குறுக்கே இரண்டு கல் வைத்தால் நெடுக்கே ஒரு கல் சரியாக இருக்கணும், ஐயா. இல்லாவிட்டால் அடுக்கு நிற்காது” என்றாள். அருகே அழைத்தேன். வந்தாள். நான்கு சுண்ணக்கட்டிப் பெட்டிகளை எடுத்து, ஒரு வரிசை நெடுக்காகவும் அதன்மேல் ஒரு வரிசை குறுக்காகவும் அடுக்கிக் காட்டினாள். கீழ் வரிசையின் இடுக்கை மேல்வரிசை மூடிற்று. “நாங்கள் பச்சைக்கல்லை இப்படித்தான் காயப் போட்டு அடுக்குவோம்” என்றாள். பின்னர் ஏதோ குற்றம் செய்தவள்போல் தலை குனிந்து தன் இடத்திற்குச் சென்றாள்.

அவளுடைய பெற்றோர் செங்கல் அறுக்கும் தொழிலாளர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும் சூளையில் வேலை தொடங்கும். ஆனி, ஆடி வரையில் நடக்கும். அக்காலத்தில் குடும்பத்தோடு சூளையருகே குடிசையிட்டுத் தங்குவர். மற்றக் காலத்தில் அச்சிறுமி பாட்டியுடன் எங்கள் ஊரில் இருந்து படிப்பாள். முந்திய ஆண்டில் பாதி நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லிற்று. சில பிள்ளைகள் அவளைச் ‘சூளை’ என்றே கேலியாக அழைத்ததும் என் காதில் விழுந்தது.

அன்று முதல் அவள் இருக்கை முன்வரிசைக்கு வந்தது. நான் இடம் மாற்றவில்லை; பிள்ளைகள் தாமே மாற்றினர். செங்கல் பற்றிய ஐயம் எழுந்தபோதெல்லாம் அவர்கள் என்னைப் பார்ப்பதை விடுத்து அவளைப் பார்க்கத் தொடங்கினர்.

மெசபடோமியாவைப் பற்றிய பாடம் வந்தது. அந்நாட்டில் மரம் அரிது. விறகு மிக அரிது. ஆதலால் அம்மக்கள் பெரும்பாலும் வெயிலில் உலர்த்திய கல்லாலேயே வீடு கட்டினர். மழையிலும் காற்றிலும் அச்சுவர்கள் கரையும். கரைந்ததை மட்டம் செய்து அதன்மேல் வேறு வீடு எழுப்புவர். அதுவும் கரையும். இவ்வாறு நூற்றாண்டுகள் பல கழியவே, ஊர் மெல்ல மெல்ல உயர்ந்து மேடாகிவிடும். இன்று அந்நாட்டுச் சமவெளியில் ஆங்காங்கே தெரியும் மேடுகள் பல, ஊர்மேல் ஊராகக் கரைந்த ஊர்களே. இதனை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அச்சிறுமி குறுக்கிட்டாள். “பச்சைக்கல் மழையில் கரைந்தால் கூலி இல்லை, ஐயா. போன சித்திரையில் ஒரு நாள் இரவு மழை வந்தது. அப்பாவும் அம்மாவும் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நாலு நாள் அறுத்த கல் சேறாகிவிட்டது” என்றாள். வகுப்பில் பேச்சில்லை. கரைந்த கல் என்றால் என்னவென்று அப்பிள்ளைகள் அனைவர்க்கும் அந்த நொடியில் விளங்கிற்று.

சிந்துவெளி மக்கள் வெயிற்கல்லையும் பயன்படுத்தினர். எனினும் தண்ணீர் படும் இடங்களில் சுட்ட கல்லையே வைத்தனர். கிணறு, குளியலறை, கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றில் அதனைக் காணலாம். மொகஞ்சதாரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. நீர் கசியாதபடி சுவரின் இடையே இயற்கைத் தாரைப் பூசியுள்ளனர். மன்னன் ஒருவனுக்குக் கோபுரம் எடுப்பதினும் ஊராருக்குச் சாக்கடை எடுப்பது அரிய வேலை என்பது என் கருத்து. கோபுரம் கண்ணில் படும், புகழ் வரும். சாக்கடை நன்றாக அமைந்துவிட்டால் அதனை ஒருவரும் நினைக்கவும் மாட்டார்.

மொகஞ்சதாரோவில் மட்டும் 700க்குக் குறையாத கிணறுகள் இருந்திருக்கவேண்டும் என்று ஆராய்ந்தோர் மதிப்பிடுகின்றனர். அக்கிணறுகளைக் கட்ட, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் உள்ள ஆப்பு வடிவக் கற்களைச் செய்தனர். குறுகிய முனை உட்புறம். அகன்ற முனை வெளிப்புறம். வட்டமாக அடுக்கிய பின், சுற்றியுள்ள மண் எவ்வளவு நெருக்குமோ அவ்வளவு கற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். உள்ளே சரிய வழியில்லை. பிள்ளைகள் ஏரிக்கரைக் களிமண்ணைக் கொணர்ந்து இவ்வடிவில் சிறு கற்கள் செய்து, வட்டமாக அடுக்கி, எல்லாப் பக்கத்தினின்றும் கையால் நெருக்கிப் பார்த்தனர். சரியவில்லை. உடனே சதுரக் கற்களையும் செய்து அடுக்கி நெருக்கினர். சரிந்தது. இத்தகைய சோதனையை நான் சொல்லித் தரவில்லை. கையில் மண் இருந்தால் பிள்ளைகளுக்குச் சோதனை தானே பிறக்கும் போலும்.

இவ்விடத்தில் என் பழைய கல்விக்கும் ஒரு வேலை வந்தது. சுட்டமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கிணறு அமைப்பது நம் நாட்டு வழக்கம். அதற்கு உறைக்கிணறு என்று பெயர். பட்டினப்பாலையிலேயே இச்சொல் வருகிறது. அச்சொல்லை நான் உரையோடு பல முறை பாடம் சொன்னதுண்டு. சொல் மண்ணுக்கு மேலே ஏட்டில் இருந்தது. பொருளோ மண்ணுக்குக் கீழே கிடந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015 ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற அகழ்வாய்வில் உறைக்கிணறுகள் வெளிப்பட்டன. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோதும் உறைக்கிணறு கிடைத்தது. அதன் படத்தைக் காட்டியபோது, “இது எங்கள் ஊர்ப் பக்கம்!” என்று மூவர் எழுந்து நின்றனர்.

அரப்பாவின் கற்களுக்கு நேர்ந்த கதியையும் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லாகூருக்கும் மூல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை போட்டவர்கள், பாதைக்கு அடியில் இடுவதற்குக் கல் தேடினர். அரப்பா மேட்டில் எடுப்பார் இன்றிக் கிடந்த செங்கற்களை வண்டி வண்டியாக அள்ளிச் சென்று ஏறத்தாழ 100 மைல் தூரத்திற்குப் பரப்பிவிட்டனர். அந்த மேட்டின் பெருமை அப்போது எவருக்கும் தெரியாது. 1921 இல் தயாராம் சகானி அரப்பாவை அகழ்ந்தார். அடுத்த ஆண்டு இராக்கல்தாசு பானர்சி மொகஞ்சதாரோவில் அகழ்ந்தார். 1924 இல் தொல்லியல் துறைத் தலைவர் சான் மார்சல் இவ்விரு நகரங்களின் செய்தியை உலகிற்கு அறிவித்தார். பிள்ளைகளுக்கு இருப்புப்பாதைக்காரர்மேல் கடுஞ்சினம் உண்டாயிற்று. அச்சிறுமி மட்டும், “நாலாயிரம் வருசம் கழித்தும் ரயில் ஓடினால் தாங்கியதென்றால் நன்றாக வெந்த கல், ஐயா” என்றாள்.

சாங்குதாரோ என்பது சிந்துவெளியைச் சேர்ந்த மற்றோர் ஊர். அங்கு 1935 ஆம் ஆண்டை ஒட்டி நடந்த அகழ்வில் ஒரு செங்கல் கிடைத்தது. கல் ஈரமாய் இருக்கையில் பூனை ஒன்று அதன்மேல் ஓடியிருக்கிறது. அதன் அடிச்சுவட்டின் ஓரத்தை மிதித்தபடி நாயின் அடிச்சுவடு பதிந்திருக்கிறது. பூனையை நாய் துரத்தியது என்று அறிஞர் கருதினர். பூனையும் இல்லை, நாயும் இல்லை, துரத்தலைக் கண்டவரும் இல்லை. கல் மட்டும் இருக்கிறது. “இது எந்த அளவை?” என்றேன். “சுவடு காட்சி, துரத்தினது கருதல்!” என்று வகுப்பே முழங்கிற்று. ஒருத்தி மட்டும், “நாய் பிறகு மெதுவாகவும் வந்திருக்கலாமே!” என்றாள். அவளுக்கு அன்று நான் என் எழுதுகோலைப் பரிசாகக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு நாளில் பூண்டிக்குச் சென்றோம். நீர்த்தேக்கத்தின் அருகே தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்று 1985 முதல் உள்ளது. கொசத்தலையாற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியல் அறிஞர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அவருடைய தோழர் கிங் என்பாரும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். பேருந்துப் பலகையில் நாள்தோறும் பார்க்கும் பல்லாவரம், இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்குத் தொடக்கமான இடம் என்பதை அறிந்து பிள்ளைகள் வியந்தனர்.

அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளைப் பற்றி 2011 ஆம் ஆண்டு சாந்தி பப்பு முதலிய அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, அவற்றின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்கிறது. அக்காலத்தை எங்ஙனம் அளந்தனர்? விண்ணிலிருந்து ஓயாது பொழியும் நுண்கதிர்கள், தரைமேல் கிடக்கும் கல்லினுள் சில அரிய தனிமங்களைச் சிறிதளவு உண்டாக்குகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்ததும் அவ்வாக்கம் நின்றுவிடுகிறது. முன்பு உண்டானவை தத்தமக்குரிய விரைவில் தேய்ந்து வருகின்றன. எஞ்சியிருப்பதை அளந்தால், புதைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். எண்ணெய் வற்றிய அளவைக் கொண்டு விளக்கு எரிந்த நேரத்தைக் கூறுவது போன்றது இது.

திரும்பும் வழியில், முதலில் வினாக் கேட்ட அச்சிறுவன் பெருமிதத்தோடு, “அப்படியானால் பதினைந்து இலட்சம் ஆண்டுக்கு முன்னரே தமிழர் இங்கே இருந்தார்கள், இல்லையா ஐயா?” என்றான். எல்லாரும் கைதட்டினர்.

தமிழ்ப் பற்றிலே நான் எவர்க்கும் பின்னிடுபவன் அல்லேன். அந்தக் கைதட்டல் என் செவிக்கும் இனிமையாகவே இருந்தது. ஆயினும், “தம்பி, அக்கருவியைச் செய்தவர் என்ன மொழி பேசினார் என்று கல்லில் எழுதியிருந்ததா?” என்றேன். “இல்லை, ஐயா.” “அவருடைய எலும்பு கிடைத்ததா?” “பலகையில் ஒன்றும் போடவில்லை.” “ஆம், அத்திரம்பாக்கத்தில் கிடைக்கவில்லை. நம்மைப் போன்ற மனித இனம் உலகில் தோன்றியே ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுதான் ஆகிறது என்கின்றனர். அவர் நமக்கும் முந்திய ஓர் இனத்தவர். நம் மண்ணில் வாழ்ந்தார், நம்மவர் என்று பெயர் சூட்ட நமக்குச் சான்று இல்லை” என்றேன். அவன் முகம் வாடிற்று. சிறிது தூரம் சென்றதும், “அப்படியானால் அவர் யாருக்குச் சொந்தம்?” என்றான். “யாருக்கும் சொந்தமில்லாத ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள உனக்கு விருப்பம் இல்லையா?” என்று திருப்பிக் கேட்டேன். வண்டி திருவள்ளூரைக் கடக்கும் வரையில் அவன் பேசவில்லை.

இந்தச் சொந்தம் கொண்டாடுதல் மாலையில் என் வீட்டுத் திண்ணையிலும் நிகழும். விமானப் படையினரின் பிள்ளைகள் சிலர் தமிழ் கற்க என்னிடம் வருவர். அவர்களுள் ஒருவன் அரியானாவைச் சேர்ந்தவன். இராக்கிகடி தன் பாட்டனார் ஊருக்கு அருகில் இருப்பதால் சிந்துவெளி தங்களுடையது என்பான். எங்கள் பள்ளிப் பிள்ளைகள், அம்மக்கள் பேசியது தமிழே என்பர். அரப்பாவும் மொகஞ்சதாரோவும் இன்று பாக்கித்தானத்தில் இருக்கின்றன என்று படத்தில் காட்டினால் இரு சாராரும் சற்று அடங்குவர். அந்நாகரிகத்தின் எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஐராவதம் மகாதேவன் 1977 இல் தொகுத்த பட்டியலில் 417 குறியீடுகள் உள்ளன. அவை திராவிட மொழி ஒன்றைச் சார்ந்தவை என்று அவர் கருதினார். வேறு கருத்துடையோரும் உளர். பொறிப்புகள் பெரும்பாலும் ஐந்தாறு குறியீடுகளுக்கு மேல் நீள்வதில்லை. அதனால் படிப்பது கடினமாயிருக்கிறது. அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிவித்தது. அளவையின் சொல்லிற் கூறுவதாயின், காட்சி இருக்கிறது, கருதல் இருக்கிறது, உரையின் வாய் மட்டும் திறக்கவில்லை. அது திறந்து தமிழ் என்று சொல்லுமாயின் முதலில் ஆடிப்பாடுபவன் நான்தான். சொல்லும் வரையில் சொல்லிற்று என்று கூற என் நா எழாது.

கார்த்திகை இறுதியில் அச்சிறுமி ஒரு வினாக் கேட்டாள். “இவ்வளவு கல்லையும் அறுத்தது யார்? அவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்?” சிந்துவெளியைப் பொறுத்தவரை அதற்கு விடை இல்லை. எகிப்தில் மட்டும் விடை ஒன்று உண்டு. அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்களுக்கு ஒரு தனிச் சிற்றூர் இருந்தது. தேர் எல் மெதினா என்று இன்று அதனை வழங்குகின்றனர். அவர்களுக்குக் கூலி தானியமே. மூன்றாம் இராமசேசு மன்னனின் 29 ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், தானியம் வரவேண்டிய நாளில் வரவில்லை. பசித்த தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, கோயில்களின் அருகே சென்று உட்கார்ந்துவிட்டனர். நாங்கள் பசியால் வந்தோம் என்று அதிகாரிகளிடம் உரைத்தனர். இச்செய்தியை எழுதிய பாப்பிரசு ஏடு இன்று இத்தாலி நாட்டுத் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைநிறுத்தம் என்று எழுத்தில் பதிந்தவற்றுள் அதுவே மிகப் பழையது என்பர்.

“தானியம் கொடுத்தார்களா, ஐயா?” என்று கேட்டாள். கொடுத்தனர், மறுபடியும் காலம் தாழ்த்தினர், மறுபடியும் உட்கார்ந்தனர் என்றேன். அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தேர்வுக்குரிய செய்தி அன்று அது. ஆயினும் நான் தடுக்கவில்லை.

தை பிறந்தது. பாட்டிக்கு உடல்நலம் இல்லை. வீட்டில் தனியே விட ஆள் இல்லை. ஆகவே மகளையும் சூளைக்கு அழைத்துச் செல்வதாக அவள் தந்தை பள்ளிக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் செல்ல வந்தாரே, அதுவே பெரிது என்றார் தலைமையாசிரியை. அவர் வாங்கியிருந்த முன்பணம் கல்லாகத் தீர்ந்தாக வேண்டும். நான் அவரிடம் ஒன்றும் அறிவுரை கூறவில்லை. பெற்ற மகளைப் படிக்கவைக்க விருப்பமில்லாத தகப்பன் அல்லர் அவர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “உங்கள் மகள் எனக்குச் செங்கல் பாடம் சொல்லித் தந்தாள்” என்று மட்டும் கூறினேன். அவர் நம்பவில்லை, பள்ளிக்கூடத்தார் மரியாதைக்காகச் சொல்வது என்று எண்ணிச் சிரித்தார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அது மெய்தான் என்று ஆணையிட்டு உரைத்தபோது, அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

தலைமையாசிரியை காரியம் அறிந்தவர். சூளை இருக்கும் ஊரின் அரசுப் பள்ளியோடு தொலைபேசியில் பேசி, அந்த ஐந்து திங்களும் அவள் அங்கே வகுப்பில் அமர்வதற்கு ஏற்பாடு செய்தார். வருகை நாள்கள் இங்கே கணக்கில் வரும். இரு முறை நேரிலும் சென்று, அவள் சூளையில் இருக்கிறாளா பள்ளியில் இருக்கிறாளா என்று பார்த்து வந்தார். இரு முறையும் பள்ளியில் இருந்தாள் என்று சொன்னபோது, தேர்வில் தாமே தேறியவர்போல் இருந்தது அவர் முகம்.

2023 சூனில் பள்ளி திறந்தது. விடுப்பில் இருந்த ஆசிரியை திரும்பிவிட்டார். என் வேலை முடிந்தது. எனினும் முதல் வாரத்தில் ஒரு நாள் சென்றிருந்தேன். ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் எதையோ சூழ்ந்து நின்று வாதிட்டுக்கொண்டிருந்தனர். அச்சிறுமி பழைய துணியில் சுற்றி ஒரு செங்கல்லைக் கொண்டு வந்திருந்தாள். அதன் மேற்பரப்பில் சிறு குளம்பின் சுவடுகள் நான்கு பதிந்திருந்தன; அவற்றைச் சுற்றி அம்மைத் தழும்பு போன்ற பள்ளங்கள் பல.

“இஃது எப்போது அறுத்த கல்?” என்று ஒருவன் கேட்டான். நடுவில் பதிந்துள்ள சூளையின் எழுத்துகளைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்றான் மற்றொருவன். அந்தப் பள்ளங்கள் கல்லெறிந்த வடு என்றாள் ஒருத்தி. மழைத்துளி என்றான் வேறொருவன். கல் ஈரமாய் இருக்கையில் தூறல் விழுந்திருக்கிறது, பெருமழையாயின் கல்லே இராது என்று அவனே காரணமும் சொன்னான். “மழைக்குப் பயந்து நாய் ஓடியிருக்கிறது” என்று இன்னொருவன் முடிக்கப் பார்த்தான்.

“நாய்க்கு ஏது குளம்பு?” என்றாள் அவள். “ஆட்டுக்குட்டி. ஓடவும் இல்லை. ஓடினால் சுவடு தள்ளித் தள்ளி விழும். பார், நாலும் கிட்டக் கிட்ட இருக்கிறது. நின்று நனைந்திருக்கிறது.”